பாலத்தில் காற்று அடங்கும் நேரம்

வண்டி விடிகாலை நாலரைக்கு வரும்.
அதற்குப் பிந்தினால் ஆளை விடுங்கள் என்கிறார் முனியசாமி.
"ஏழு மணிக்கு மேல பாலத்துல காத்து எந்திரிச்சிரும்.
மெத்தைய உச்சியில கட்டாதீங்க தாயி,
போன ஆடியில ஒரு வாத்தியார் வீட்டு மெத்தை
வடக்கால பறந்துபோயி
ரெண்டு நாள் மிதந்துச்சு."

ஆகவே மெத்தை அடியில், கட்டில் மேலே.
தலைகீழாக எழுதிக்கொண்டேன்
ஜெனோவாவின் கணக்கு நோட்டுப் பின்னட்டையில்.

கட்டில் கழறவில்லை.
பாம்பன் உப்பில் ஊறி
ஆறு போல்ட்டும் ஒரே இரும்பாகிவிட்டன.
டெல்வின் மண்ணெண்ணெய் விட்டுப் பார்த்தார்,
டீசல் விட்டார், கெட்ட வார்த்தை ஒன்று விட்டார்.
நடுக்கடலில் டார்ச்சை வாயில் கவ்வி
எஞ்சினைப் பிரித்து மாட்டுகிறவர்
கல்யாணக் கட்டிலிடம் தோற்று
ரம்பம் வைத்து அறுத்தார்.
பதினோரு வருஷம் ஆடாமல் நின்றது
யார் கெட்டித்தனம் என்று
இரண்டு பேருமே பேசவில்லை.

பள்ளிக்கூடத்தில் டி.சி. எழுதி வைத்திருந்தார்கள்.
காரணம்: தகப்பனார் பணி மாறுதல்.
தாயார் என்று திருத்தச் சொன்னேன்.
அடித்து எழுதினால் செல்லாது என்றார் கிளார்க்.
அப்படியானால் புதுத் தாள் எடுங்கள் என்றேன்.
தாள் வரச் செவ்வாய்க்கிழமை ஆனது.
ஓசூர் ஆஸ்பத்திரியில்
ரத்தம் எடுத்துப் பார்க்கப்போகிறவள் நான்.
கடல் இல்லாத ஊருக்குப் படகு மெக்கானிக்கை
நான்தான் கூட்டிப்போகிறேன்.
"லாரி எஞ்சினும் எஞ்சின்தானே"
என்று நேற்று மூன்று தரம் சொன்னார்.
ஸ்பேனர் பெட்டியை மட்டும்
மடியில் வைத்துக்கொண்டு வருவாராம்.

கேஸ் ரெகுலேட்டரைக் கொடுத்து ரசீது வாங்கியாயிற்று.
கண்ணாடித் தம்ளர்களுக்குக் கிழிந்த வலை,
ஆளுக்கு நாலு சுற்று.
நிலைக்கண்ணாடியைச் சேலைக்குள் வைத்தேன்,
சேலையைப் பாய்க்குள்.

புது வீட்டுக்காரம்மா போனில் கேட்டாள்:
"மீன் செய்வீங்களா?"
"எப்பவாவது" என்றேன்.
அன்று ராத்திரியே பிரஷர் குக்கருக்குள்
ஒன்றரைக் கிலோ நெத்திலிக் கருவாட்டை அமுக்கி
கேஸ்கெட் மாட்டி, மூடி, வெயிட்டும் போட்டேன்.
பட்டியலில் வெறும் 'குக்கர்'.

எட்டுக் குடம் இருக்கிறது.
நீலம் மூன்று, பச்சை நான்கு,
வாய் உடைந்த மஞ்சள் ஒன்று.
அங்கே இருபத்துநாலு மணி நேரமும்
குழாயில் தண்ணீர் என்று புரோக்கர் சொன்னானாம்.
"எட்டையும் தூக்கிப்போயி என்ன செய்ய?" என்றார்.
பதில் சொல்லாமல்
ஒன்றில் புளி, வற்றல், மல்லி திணித்தேன்.
ஒன்றில் ஜெனோவாவின் காலுறை, ரிப்பன்,
அவள் விடமாட்டேன் என்ற சோழிகள்.
ஒன்றில் மாதா படம், துண்டு சுற்றி.
நிரப்பினால் குடமும் பெட்டிதான்.
மஞ்சள் மட்டும் மிஞ்சியது,
போட ஒன்றும் இல்லை.

சாயங்காலம் தண்ணீர் வண்டி வந்தது.
பதினாலு குடம் பாக்கி, கணக்கு முடித்தேன்.
சில்லறையை எண்ணிவிட்டுச் செல்லத்துரை கேட்டார்,
"அங்க குடம் என்ன வெலை போகுதாம்?"
குழாயில் வருமாம் என்று சொல்ல
ஏனோ கூச்சமாக இருந்தது.
"விசாரிக்கல" என்றேன்.

நாலரைக்கு வண்டி வந்தது.
கிளம்பும்போது ஆறே முக்கால்:
பீரோ வாசலில் மாட்டியது,
பூட்டு உள்ளே, சாவி கட்டுக்குள்,
கடைசியாக ஒரு தரம் பெருக்காமல்
என்னால் வர முடியவில்லை.

பாலத்தின் பாதியில் காற்று எழுந்தது.
முனியசாமி ஸ்டீயரிங்கை இறுக்கினார்.
மெத்தை அசையவில்லை, கட்டில் துண்டுகள் அசையவில்லை,
பின்னால் எதுவோ
ஊ என்று ஊத ஆரம்பித்தது.
"என்னம்மா அது?"
"மஞ்சக் குடம்" என்றேன்.

"ஏழு போதும்னு சொன்னேன்ல" என்றார் டெல்வின்,
எட்டையும் வேண்டாம் என்றவர்.